இதயத் துடிப்பு மாத்திரைக்கு உணவு மாற்றாகுமா?

2025 ஆகஸ்ட் இறுதியில் மாட்ரிட் நகரில் ஐரோப்பிய இதயவியல் மாநாடு நடந்தது. ஸ்பெயின், இத்தாலி நாடுகளின் 109 மருத்துவமனைகளில், மாரடைப்பிலிருந்து பிழைத்த சுமார் 8,500 பேரிடம் நடத்திய 'ரீபூட்' ஆய்வின் முடிவு அங்கே வெளியானது. இதயத்தின் பம்பிங் திறன் 40 சதவீதத்துக்கு மேல் இருப்பவர்களுக்கு, பல பத்தாண்டுகளாக வழக்கமாக எழுதித் தரப்படும் பீட்டா பிளாக்கர் மாத்திரையால் கூடுதல் பயன் தெரியவில்லை என்றது அந்த ஆய்வு. அதே மாநாட்டில் நார்வேயும் டென்மார்க்கும் சேர்ந்து நடத்திய இன்னொரு ஆய்வும் வெளியானது. அதில் சிறிய அளவில் பயன் தெரிந்தது. பல வீடுகளுக்கு வந்து சேர்ந்தது முதல் செய்தி மட்டும்தான்: "நாடித் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை தேவையே இல்லையாம்."

மாத்திரை வேண்டாமென்றால் அதற்குப் பதிலாக என்ன சாப்பிடலாம் என்பது அடுத்த கேள்வி. கைபேசியில் பதில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. வாழைப்பழம், பூண்டு, செம்பருத்தி டீ, மருதம்பட்டைக் கஷாயம், மீன் எண்ணெய் கேப்ஸ்யூல் என்று அந்தப் பட்டியல் நீளும். அதில் சில உண்மைகள் இருக்கின்றன, சில ஆபத்துகளும் இருக்கின்றன. எது யாருக்குப் பொருந்தும் என்று பிரிக்க வேண்டுமானால், அந்த மாத்திரை எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதிலிருந்துதான் தொடங்க முடியும்.

துடிப்பு எங்கே பிறக்கிறது

இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் கணு என்ற சிறு திசு இருக்கிறது. மூளையின் கட்டளைக்குக் காத்திராமல் தானாகவே மின்துடிப்பை உண்டாக்குவது அதன் வேலை. நரம்புகளின் பிடியே இல்லாவிட்டால் ஓர் இளைஞரின் சைனஸ் கணு நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். ஓய்வில் நமக்கு 70, 75 என்று இருப்பதற்குக் காரணம், வேகஸ் என்ற நரம்பு அதை ஓயாமல் அடக்கி வைத்திருப்பதுதான். பயந்தாலும் ஓடினாலும் ரத்தம் இழந்தாலும் வேகஸ் தன் பிடியைத் தளர்த்தும், அட்ரினலின் ஏறும், துடிப்பு கூடும்.

பெரியவர்களுக்கு ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு என்பது பொதுக் கணக்கு. நன்றாகப் பயிற்சி செய்யும் ஓட்டக்காரருக்கு 45 இருந்தாலும் நோயில்லை.

துடிப்பு வேகமாக இருப்பதில் இரண்டு வகை உண்டு. கட்டுரை முழுக்க இந்தப் பிரிவு தேவைப்படும்.

1. சைனஸ் கணுவே வேகமாகத் துடிப்பது. காய்ச்சல், ரத்தசோகை, நீரிழப்பு, தைராய்டு மிகைச் சுரப்பு, பதற்றம் போன்ற ஏதோ ஒன்றுக்கு உடல் தரும் பதில் இது. பெரும்பாலும் இதயத்தில் கோளாறு இருக்காது.

2. இதயத்தின் மின்சுற்றே கெட்டுப்போவது. மேலறை முழுவதும் ஒழுங்கின்றி நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், திடீரென்று 160, 180 என்று தாவித் திடீரென்றே நின்றுவிடும் எஸ்விடி ஆகியவை இந்த வகை. இரண்டு வகையையும் பிரித்துச் சொல்வது இசிஜி. கையிலுள்ள வாட்ச் ஓரளவுக்குத்தான் சொல்லும்.

இதோடு இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. ரத்த அழுத்தம் வேறு, துடிப்பின் வேகம் வேறு. பிரஷருக்குப் பரவலாகத் தரப்படும் அம்லோடிபின் துடிப்பைக் குறைக்காது, சிலருக்குக் கொஞ்சம் கூட்டவும் செய்யும். பீட்ரூட் சாறு, செம்பருத்தி டீ போன்றவற்றில் நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அழுத்தத்தைப் பற்றியவை. அந்த முடிவுகளைத் தூக்கித் துடிப்புக் கணக்கில் வரவு வைத்துவிடுகிறார்கள். செம்பருத்தியின் மேல் குறை ஒன்றுமில்லை, அது செய்யாத வேலையை அதன் தலையில் கட்டுகிறோம், அவ்வளவுதான்.

மாத்திரைகள் என்ன செய்கின்றன

1. பீட்டா பிளாக்கர்: மெட்டோபிரோலால், பிசோபிரோலால், அட்டெனலால், கார்வெடிலால், பிரோபிரனலால். அட்ரினலின் வந்து ஒட்டும் இடத்தை இவை அடைத்துவிடும். பிரோபிரனலாலை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது.

2. டில்டியாசெம், வெரபமில். கால்சியம் செல்லுக்குள் நுழைவதைக் குறைத்து, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள ஏவி கணுவில் மின்துடிப்பைத் தாமதப்படுத்துபவை.

3. ஐவாபிரடின். சைனஸ் கணுவில் மட்டும் வேலை செய்யும். துடிப்பைக் குறைப்பதைத் தவிர வேறெதையும் பெரிதாகச் செய்யாது என்பதால் நம் விவாதத்தில் இதற்கு ஒரு முக்கியமான இடமுண்டு.

4. டிஜாக்ஸின். செடியிலிருந்து வந்தது. இதன் கதையைத் தனியாகப் பார்க்கலாம்.

எண் குறைந்தால் போதுமா?

'மாற்று உணவு' பேசுபவர்கள் எல்லோரும் ஒன்றை ஏற்றுக்கொண்டுதான் பேசுகிறார்கள்: மாத்திரையின் வேலை எண்ணைக் குறைப்பது, ஆகவே வேறெதைக் கொண்டு எண்ணைக் குறைத்தாலும் அதே பலன் கிடைக்கும். இது சரியா என்று சோதிக்க ஐவாபிரடினைவிடப் பொருத்தமான மருந்து கிடையாது.

2010இல் வெளியான 'ஷிஃப்ட்' ஆய்வில், பம்பிங் குறைந்து துடிப்பு 70க்கு மேல் இருந்த இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு ஐவாபிரடின் தந்தார்கள். இதய நோயால் வரும் மரணமும், இதயச் செயலிழப்பு முற்றி மருத்துவமனையில் சேர்வதும் சேர்த்துப் பார்த்தால் 18 சதவீதம் குறைந்தன. 2014இல் 'சிக்னிஃபை' ஆய்வு வந்தது. இதய ரத்தக்குழாய் அடைப்பு இருந்தும் செயலிழப்பு இல்லாத 19,102 பேருக்கு அதே மருந்து. துடிப்பு நிமிடத்துக்குப் பத்து அளவில் நன்றாகவே குறைந்தது. மரணமும் மாரடைப்பும் குறையவில்லை. நெஞ்சுவலி அதிகமிருந்த பிரிவினருக்கு நிலைமை சற்று மோசமாகக்கூட ஆனது. மருந்தும் ஒன்று, எண் குறைந்த விதமும் ஒன்று, நோய் மட்டும் வேறு. விளைவும் வேறாகிவிட்டது.

மறுபக்கமும் இருக்கிறது. 1999இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், பம்பிங் குறைந்தவர்களின் மரண விகிதத்தை மெட்டோபிரோலாலும் பிசோபிரோலாலும் தலா 34 சதவீதம் குறைத்தன. பலவீனமான இதயத்தை அட்ரினலின் நாள் முழுக்கச் சாட்டையடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சாட்டையிலிருந்து காப்பதுதான் அங்கே மருந்தின் முதன்மையான வேலை, எண் இறங்குவது அதன் கூடவே நடப்பது. துடிப்பை 4 குறைக்கும் ஏதோ ஓர் உணவு கிடைத்தாலும் இந்தப் பாதுகாப்பை அது தராது.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் கதை இன்னொரு விதம். நெதர்லாந்தில் நடந்த 'ரேஸ் 2' ஆய்வு 2010இல் வந்தது. ஓய்வுத் துடிப்பை 80க்குக் கீழே கொண்டுவர மெனக்கெட்டாலும், 110க்குக் கீழே இருந்தால் போதும் என்று விட்டாலும் விளைவில் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த நோயில் உண்மையான பயம் பக்கவாதம். நடுங்கும் மேலறையின் ஒரு மூலையில் ரத்தம் தேங்கி உறையும், அந்தக் கட்டி மூளைக்குப் போகும். வாட்சில் 72 என்று பார்த்துவிட்டு "நார்மல் ஆயிடுச்சு" என்று ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரையையும் சேர்த்து நிறுத்துகிறவர்கள் உண்டு. 72 ஆனதால் கட்டி உருவாகும் வாய்ப்பு போய்விடுவதில்லை.

உணவே மருந்தாகும் இடங்கள்

முதல் வகைக்கு வருவோம். சைனஸ் கணுவே வேகமாகத் துடிக்கும்போது காரணத்தைச் சரிசெய்தால் துடிப்பு தானாக இறங்கும். உணவுக்கு இங்கே நிஜமான வேலை இருக்கிறது.

ரத்தசோகை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 7க்கோ 8க்கோ இறங்கியவர் மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் போய்ச்சேரும் ஆக்சிஜன் குறைவு என்பதால் இதயம் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டுகிறது. இவருக்கு பீட்டா பிளாக்கர் கொடுத்தால் அந்த ஈடுகட்டலைத்தான் தடுத்ததாகும். இவருக்குத் தேவை இரும்பு. கீரையிலும் கேழ்வரகிலும் இருக்கும் இரும்பைக் குடல் கொஞ்சமாகத்தான் உறிஞ்சும். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் அந்த அளவு கூடும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். ஆனால் 7க்கு வந்துவிட்டவர் முருங்கைக்கீரையை மட்டும் நம்பிக் காத்திருக்கக் கூடாது. இரும்பு மாத்திரை வேண்டும். அதைவிட முக்கியமாக, மாதவிடாயில் அதிகம் போகிறதா, மூலமா, குடற்புழுவா, ரத்தம் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

நீரிழப்பு. கோடை வெயிலில் வேலை செய்தவருக்கும் வயிற்றுப்போக்கு வந்தவருக்கும் துடிப்பு 110க்கு ஏறினால் ஓஆர்எஸ் கரைசலே சிகிச்சை. உப்புப் போட்ட மோரும் கஞ்சியும் அடுத்த வரிசை.

மூன்றாவது, பலரும் கேள்விப்படாத 'பாட்ஸ்' என்ற நிலை. படுத்திருந்து எழுந்து நின்ற 10 நிமிடங்களுக்குள் ரத்த அழுத்தம் விழாமலேயே துடிப்பு 30 அல்லது அதற்கு மேல் கூடும். பெரும்பாலும் இளம் பெண்களுக்கு வருவது, கொரோனாவுக்குப் பிறகு அதிகம் பேசப்படுவது. இதற்கு முதல் சிகிச்சையே நாளுக்கு 2 முதல் 3 லிட்டர் தண்ணீரும் வழக்கத்தைவிடக் கூடுதலான உப்பும்தான், மருத்துவர் அளவு சொல்லித் தருவார். பிரஷர் நோயாளிக்கு விஷமாகும் உப்பு இவருக்கு மருந்து. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலித்த வைத்தியத்தை வாங்கிச் செய்வதில் உள்ள சிக்கலை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நோய் எனக்குத் தெரிந்து இல்லை.

பட்டியலில் உள்ளவை, ஒவ்வொன்றாக

மீன் எண்ணெய். பட்டியலிலேயே துடிப்பைக் குறைப்பதாக நல்ல ஆதாரம் உள்ளது இதற்குத்தான். பல ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் வெளியிட்ட கணக்கின்படி அது குறைக்கும் அளவு நிமிடத்துக்கு 1.6 துடிப்பு. அச்சுப்பிழை இல்லை, ஒன்றரைதான். ஒரு பீட்டா பிளாக்கர் பத்து, பதினைந்து குறைப்பது சாதாரணம். இதில் ஒரு முரண் வேறு. 81,210 பேரை உள்ளடக்கிய 7 ஆய்வுகளைச் சேர்த்து 2021இல் பார்த்தபோது, ஒமேகா 3 கேப்ஸ்யூல் எடுத்தவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும் வாய்ப்பு கூடியிருந்தது. நாளுக்கு 1 கிராமுக்கு மேல் எடுத்தவர்களிடம் ஏறத்தாழ பாதி மடங்கு கூடுதல். படபடப்புக்கு மாற்றாகக் கேப்ஸ்யூலைத் தேடுகிறவர் இதைத் தெரிந்துகொண்டு வாங்கட்டும். மத்தி, நெத்திலி, அயிலைக் குழம்புக்கு இந்த எச்சரிக்கை பொருந்தாது. ஆய்வுகள் பார்த்தது செறிவூட்டிய கேப்ஸ்யூலை.

வாழைப்பழம், இளநீர். இரண்டிலும் பொட்டாசியம் நிறைய. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 400 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் துடிப்பு ஒழுங்கு கெடும் என்பது உண்மை. நீர் பிரியத் தரும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது குறையும் என்பதும் உண்மை. குறைவே இல்லாதவர் கூடுதலாகச் சாப்பிட்டால் துடிப்பு இறங்கும் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. கூடினால் வரும் ஆபத்தைக் கீழே பார்ப்போம்.

மக்னீசியம். இதுவும் அப்படித்தான். குறைந்தவருக்கு அவசியம், மற்றவருக்குச் செலவு. நீர் பிரியும் மாத்திரையும், நீண்ட நாள் எடுக்கும் அசிடிட்டி மாத்திரையும் மக்னீசியத்தைக் குறைக்கக்கூடியவை என்பதால், அவற்றைச் சாப்பிடுகிறவர்கள் ஒரு ரத்தப் பரிசோதனை கேட்டுப் பார்க்கலாம்.

மருதம்பட்டை. சித்த, ஆயுர்வேத மரபுகளில் இதயத்துக்கென்றே சொல்லப்படும் மருந்து, நாட்டு மருந்துக் கடையில் தூளாகவே கிடைக்கிறது. சிறிய ஆய்வுகள் சில நம்பிக்கை தந்தன. தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே முறையான சிகிச்சையில் இருந்த இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு 12 வாரம் கொடுத்தும் பம்பிங் உயரவில்லை. மரபு மருந்தை நவீன முறையில் சோதித்து, எதிர்பார்த்த விடை வராதபோதும் அச்சிட்டிருக்கிறார்கள். 'நிரூபிக்கப்பட்டது' என்ற சொல்லைப் பாக்கெட்டின் மேல் அச்சடிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அமுக்கரா. மனம் அமைதியாகும், துடிப்பு இறங்கும் என்று விற்கிறார்கள். சிலருக்கு இது தைராய்டு சுரப்பைக் கூட்டிவிட்டதாக மருத்துவ இதழ்களில் நோயாளிக் குறிப்புகள் உண்டு. தைராய்டு கூடினால் துடிப்பும் கூடும்.

அதிமதுரம். தொண்டைக்கு ஒரு துண்டு மெல்வது வேறு, தினமும் கஷாயமாகக் குடிப்பது வேறு. அதிலுள்ள கிளிசிரைசின் உடலிலிருந்து பொட்டாசியத்தை வெளியேற்றும், பிரஷரை ஏற்றும். டிஜாக்ஸின் சாப்பிடுகிறவருக்குப் பொட்டாசியம் குறைந்தால் அந்த மருந்தின் நச்சுத்தன்மை தலைதூக்கும்.

செடி வேறு, மாத்திரை வேறா?

இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற மருத்துவர், நீர்கோத்த வீக்கத்துக்கு நாட்டு வைத்தியத்தில் பயன்பட்ட நரிக்கையுறைச் செடியின் இலையைப் பல ஆண்டுகள் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1785இல் தன் குறிப்புகளை அச்சிட்டார். இலை வேலை செய்தது. அளவு கொஞ்சம் மீறினால் வாந்தி, பார்வையில் மஞ்சள் நிறம், துடிப்பு ஆபத்தாக இறங்குவது என்பதையும் அவரே எழுதி வைத்தார். அந்தச் செடிக் குடும்பத்திலிருந்து பிரித்ததுதான் டிஜாக்ஸின்.

இன்று அதன் வழக்கமான மாத்திரை 0.25 மில்லிகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் கால் பங்கு. இதுவே கூடிவிடக் கூடாதென்று, வாரத்தில் 5 நாள் மட்டும், சனி ஞாயிறு வேண்டாம் என்று நம் ஊர் மருத்துவர்கள் சீட்டில் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். மூட்டுக்காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களின் வீடுகளில் இது பழகிய வாசகம். பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி அவ்வளவு குறுகலானது. ஓர் இலையில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பது மண்ணையும் பருவத்தையும் காய்ந்த விதத்தையும் பொறுத்து மாறும். ஒரு தேக்கரண்டிப் பொடி என்ற கணக்கில் இந்த இடைவெளிக்குள் நிற்க முடியாது.

இதே வகை வேதிப்பொருள் நம் வேலியிலும் இருக்கிறது. அரளியும் மஞ்சள் அரளியும் டிஜாக்ஸின் இதயத்தில் எதைச் செய்கிறதோ அதையே கட்டுப்பாடின்றிச் செய்பவை. இலங்கையில், குறிப்பாக வடக்கில், 1980களிலிருந்து மஞ்சள் அரளி (அங்கே அலரி) விதை நஞ்சு பெரும் மருத்துவப் பிரச்சினையாக இருந்துவருகிறது. டிஜாக்ஸின் நச்சுக்காகத் தயாரித்த எதிர்ப்பொருள் மஞ்சள் அரளி நஞ்சையும் முறிக்கிறது என்று இலங்கை மருத்துவமனைகளில் நடந்த சோதனை 2000இல் காட்டியது. அவ்வளவு நெருங்கிய உறவு. கேரளத்தில் ஓர் இளம்பெண்ணின் மரணத்துக்கு அரளி காரணமாக இருக்கலாம் என்ற செய்தி வந்ததும், 2024 மே மாதத்தில் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் வாரியங்கள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவை விலக்கின. பொன்னரளி வேரும் பட்டையும் இதயத்துக்கு நல்லது என்று யாராவது சொன்னால் அந்தக் கஷாயத்தைத் தொட வேண்டாம்.

சர்ப்பகந்தியும் இதே பாதையில் வந்ததுதான். மும்பையின் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் அதன் வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' இதழில் வெளியிட, உலகமே திரும்பிப் பார்த்தது. 1952இல் அதிலிருந்து ரிசர்பின் பிரிக்கப்பட்டது. மனச்சோர்வு முதலான பக்கவிளைவுகளும், அதைவிட நல்ல மருந்துகளின் வருகையும் சேர்ந்து அதைப் பின்னுக்குத் தள்ளின. இயற்கையிலிருந்து வந்ததால் ஒரு மருந்து மென்மையாக இருக்கும் என்பதற்கு இதய மருத்துவத்தின் வரலாற்றில் சான்று கிடையாது.

மாத்திரையோடு மோதும் உணவு

மாத்திரையை நிறுத்தாமல் 'கூடுதலாக' இயற்கை வைத்தியமும் செய்கிறவர்கள்தான் அதிகம். எனக்குப் பெரிய கவலை இவர்களைப் பற்றித்தான்.

அட்டெனலால் சாப்பிடும் 70 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பிரஷருக்காக டெல்மிசார்டனும் சாப்பிடுகிறார். சர்க்கரை நோயால் சிறுநீரகம் ஏற்கெனவே கொஞ்சம் மந்தம். சோடியம் குறைந்த உப்பு நல்லது என்று வீட்டில் மாற்றியிருக்கிறார்கள், அந்தப் பாக்கெட்டில் உள்ளதில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு. தினமும் இளநீர். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு வருகிறது. இனி நடப்பது இப்படி:

1. நீரிழப்பால் சிறுநீரகத்தின் வேலை இன்னும் குறைகிறது.
2. சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டிய அட்டெனலால் உடலிலேயே தங்குகிறது. பொட்டாசியமும் தங்குகிறது. அது வெளியேறுவதை டெல்மிசார்டன் மேலும் தடுக்கிறது.
3. மருந்தும் பொட்டாசியமும் சேர்ந்து துடிப்பை 35க்கு இறக்குகின்றன. ஒன்று தனியாக இருந்தால் இவ்வளவு இறங்கியிருக்காது.
4. துடிப்பு இறங்கியதால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. மறுபடியும் முதல் படி.

மருத்துவத்தில் இதற்கு 'பிராஷ்' என்று பெயர். ஐசியு வரை போகக்கூடியது. இதில் எந்த உணவும் விஷமல்ல, எந்த மாத்திரையும் தவறாக எழுதப்பட்டதல்ல. சேர்ந்த விதம்தான் ஆபத்து.

மற்ற மோதல்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். கிரேப்ஃப்ரூட் பழம் ஐவாபிரடின், வெரபமில், துடிப்பை ஒழுங்குபடுத்தத் தரும் அமியோடரோன் ஆகியவற்றின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், அதன் உறவான பம்பளிமாஸிலும் அதே வகைச் சேர்மங்கள் உண்டு. ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கீரையை அடியோடு விட வேண்டியதில்லை, வாரத்துக்கு வாரம் அளவு மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும். அவர்களுக்குப் பூண்டு கேப்ஸ்யூல் ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும், ரசத்தில் போடும் பூண்டு அல்ல.

மருந்தில்லாமல் நிஜமாகவே பலிப்பவை

இவை உணவுப் பட்டியலில் அதிகம் வராது, விற்க ஒன்றுமில்லை என்பதாலோ என்னவோ.

உடற்பயிற்சி. வாரத்தில் பெரும்பாலான நாட்கள் வேகமாக நடந்தால், சில மாதங்களில் ஓய்வுத் துடிப்பு சராசரியாக 3 முதல் 6 வரை குறையும், வேகஸ் நரம்பின் பிடி வலுப்படுவது இதற்கு ஒரு காரணம். பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்கள் '220இல் வயதைக் கழி' என்ற கணக்கைப் பார்க்க வேண்டாம், மாத்திரை அந்த எண்ணை எட்டவிடாது. நடந்துகொண்டே பேச முடிகிற வேகம் போதும்.

மதுவை நிறுத்துவது. அடிக்கடி ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும் குடிப்பழக்கக்காரர்களிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. குடியைக் கைவிடச் சொன்ன பிரிவில் நோய் திரும்பியது 53 சதவீதம் பேருக்கு, வழக்கம்போல் குடித்தவர்களில் 73 சதவீதம் பேருக்கு. பல மாத்திரைகள் பொறாமைப்படக்கூடிய வித்தியாசம். காபியின் மேல் இவ்வளவு குற்றம் நிரூபணமாகவில்லை. 2023இல் வந்த ஓர் ஆய்வில் காபி மேலறையில் தோன்றும் கூடுதல் துடிப்புகளைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டவில்லை, கீழறையில் தோன்றுபவற்றைக் கூட்டியது. குடித்தால் படபடக்கிறது என்பவர் குறைக்கலாம், மற்றவர்கள் டிகிரி காபியை விட்டுக்கொடுக்க அவசரமில்லை.

மெதுவான மூச்சு. நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற வேகத்தில் இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இடையிலான அனிச்சைத் தொடர்பு வலுவாக இயங்குகிறது. இத்தாலியில் ஜெபமாலை சொல்வோரையும் யோக மந்திரம் சொல்வோரையும் அளந்து 2001இல் வெளியிட்டார்கள். இரண்டுமே மூச்சை ஏறத்தாழ அதே 6க்குக் கொண்டுவந்தன. பதற்றத்தால் வரும் படபடப்புக்கு இது நல்ல மருந்து. மின்சுற்றுக் கோளாறுக்குப் போதாது.

எஸ்விடிக்கு ஒரு கைவைத்தியம் மட்டும் ஆய்வில் தேறியிருக்கிறது. சாய்ந்து உட்கார்ந்து, 10 மில்லி ஊசிக்குழாயின் உள்தண்டு நகரும் அளவுக்கு 15 விநாடி ஊத வேண்டும். ஊதி முடித்ததும் நோயாளியை மல்லாத்திப் படுக்கவைத்து, இரு கால்களையும் 45 பாகை உயர்த்தி 15 விநாடி பிடிக்க வேண்டும். 2015இல் பிரிட்டனில் நடந்த சோதனையில் இப்படிச் செய்தவர்களில் 43 சதவீதம் பேருக்குத் துடிப்பு உடனே ஒழுங்குக்குத் திரும்பியது. காலை உயர்த்தாமல் ஊதியவர்களில் 17 சதவீதம் பேருக்குத்தான். தனக்கு வருவது எஸ்விடிதான் என்று இசிஜியில் உறுதியாகி, மருத்துவர் செய்துகாட்டியவர்களுக்கு மட்டுமே இது. கழுத்து நாடியை அழுத்திப் பார்ப்பதை வீட்டில் செய்யக் கூடாது.

நிறுத்துவதென்றால் எப்படி

பீட்டா பிளாக்கரைப் பல மாதம் சாப்பிட்ட உடல், அடைபட்ட இடங்களுக்கு ஈடாக அட்ரினலின் ஒட்டும் புதிய இடங்களைச் செல்களில் உருவாக்கி வைத்திருக்கும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அத்தனை இடங்களும் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும். துடிப்பு முன்பிருந்ததைவிட மேலே போகும், ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவருக்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம். 1970களிலேயே கவனிக்கப்பட்ட விஷயம் இது. 1 முதல் 2 வாரத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று அமெரிக்காவில் இந்த மாத்திரைகள் சிலவற்றின் விவரத்தாளில் எச்சரிக்கிறார்கள்.

நிறுத்திப் பார்ப்பதையும் ஆய்வு செய்திருக்கிறார்கள். பிரான்சில் நடந்து 2024இல் வந்த 'அபிஸ்' ஆய்வில், மாரடைப்பு வந்து பல ஆண்டுகளாகச் சிக்கலின்றி இருந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும் மாத்திரையை நிறுத்தினார்கள். மரணம், மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய்க்காக மருத்துவமனையில் சேர்வது எல்லாம் சேர்த்து நிறுத்தியவர்களில் 23.8 சதவீதம், தொடர்ந்தவர்களில் 21.1 சதவீதம். வித்தியாசம் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்ததில் வந்தது. நிறுத்துவது தொடர்வதற்குச் சமமான பாதுகாப்பு என்று அந்த ஆய்வால் சொல்ல முடியவில்லை.

ஆகவே ரீபூட் செய்தியைப் படித்துவிட்டு மருத்துவரிடம் போகிறவர் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம்:

1. கடைசியாக எடுத்த எக்கோ ஸ்கேனில் பம்பிங் எத்தனை சதவீதம்? 40க்குக் கீழே என்றால் நிறுத்தும் பேச்சுக்கே இடமில்லை. 40க்கும் 50க்கும் நடுவில் இருப்பவர்களுக்குப் பயன் உண்டென்று ரீபூட்டையும் அதைப் போன்ற ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த கணக்கு காட்டுகிறது.

2. மாரடைப்பைத் தவிர வேறு காரணத்துக்காகவும் இந்த மாத்திரை எழுதப்பட்டதா? ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், நெஞ்சுவலி, பிரஷர், கை நடுக்கம், ஒற்றைத் தலைவலி என்று எதுவாகவும் இருக்கலாம்.

3. ஒரு வாரத்து நாடிக் குறிப்பு. 5 நிமிடம் உட்கார்ந்த பிறகு, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி 4ஆல் பெருக்கினால் ஒழுங்கற்ற துடிப்பில் கணக்கு தப்பும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் சில துடிப்புகள் மணிக்கட்டு வரை வந்து சேராது என்பதால் வாட்ச் குறைத்துக் காட்டக்கூடும், மருத்துவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து எண்ணிப் பார்ப்பார்.

4. சாப்பிடும் பொடி, கஷாயம், கேப்ஸ்யூல், உப்பு பாக்கெட் எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டும். பெயர் சொல்லத் தெரியாவிட்டால் பாக்கெட்டைக் காட்டினால் போதும்.

குறைக்கத் தொடங்கிய நாட்களில் நெஞ்சில் அழுத்தம், மயக்கம், மூச்சு வாங்குவது, ஓய்வில் 120க்கு மேலோ 40க்குக் கீழோ துடிப்பு என்று எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.